பழங்கணினி ஒன்று புகட்டும் பாடம்



மலர்க்குழுவினர் எம்மிடம் கட்டுரை கேட்டபொழுது, 'தாய்மொழியின் சிறப்பு' என்னும் பொருளில் எழுதலாமே என்றனர். அப்பொருளில் ஆண்டுதோறும் எழுதப்படுகிறது. எழுதியவர்களுள் நாமும் ஒருவர். இம்முறை ஒரு பழைய கணினியைப் பற்றி எழுத விரும்புகின்றோம். தமிழ்ப் பாடசாலை மலரில் கணினிக்கு என்ன வேலை என்று வியப்படைய வேண்டாம். இறுதிவரை வாசித்தபின் தீர்ப்புக் கூறுங்கள்.

கடந்த தவணை விடுமுறையின்போது எமது பாடசாலையின் அலுமாரியைத் துப்புரவு செய்தோம். அதன் அடித்தட்டில் இருந்த பிஸ்கட் தகரப்பேணி ஒன்றினுள் பன்னிரண்டு நெகிழ்வட்டுகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்றின் மேல் நீல மையினால் 'மலர் 1997 – மாணவர் ஆக்கங்கள்' என்று எழுதப்பட்டிருந்தது. அவ்வாண்டு மலரின் அச்சுப்பிரதி ஒன்றுதானும் எவரிடமும் அகப்படவில்லை. பழைய ஆசிரியர்கள் பலரிடம் விசாரித்தும் பயனில்லை. ஆகவே, அந்த வட்டில் உள்ளதே மிச்சம்.

ஆனால், அதனைச் செருகுவதற்கு இன்றைய கணினிகளில் வாயில் இல்லை. எமது கைகளில் தமிழ் இருக்கிறது. வாசிக்க வழி இல்லை! இந்நிலையில் மாணவர் ஒருவர், "சேர், எங்கட பக்கத்து வீட்டுத் தாத்தா பழைய கொம்பியூட்டர் எல்லாம் சேர்த்து வைச்சிருக்கிறார்" என்றார். மவுண்ட் ரொஸ்கிலில் வாழும் அந்த முதியவர், இளமையில் மின்னணுப் பொருட்களைத் திருத்தும் தொழில் செய்தவர். தமது மோட்டார்க் கொட்டகையில் மோட்டாருக்கு இடம் வைக்காமல், நாற்பது ஆண்டுக்கு முற்பட்ட கணினிகளை அடுக்கி வைத்திருக்கின்றார். ஒரு சனிக்கிழமை மாலை, வகுப்பு முடிந்தபின், நாமும் அம்மாணவரும் அவரது தந்தையாரும் அங்கே சென்றோம்.

பிரித்தானியாவிலிருந்து வந்த சிங்க்ளெயர் ஸ்பெக்ட்ரம், அமெரிக்காவிலிருந்து வந்த கொமடோர் 64 எனப் பல அங்கே இருந்தன. இரண்டுமே 1982 இல் சந்தைக்கு வந்தவை. அவற்றை அவர் ஒரு சொல்லில் அறிமுகம் செய்துவிட்டு, மூலையில் துணியால் மூடியிருந்த ஒன்றின் அருகே எம்மை அழைத்துச் சென்றார். துணியை நீக்கியபொழுது திரையும் தட்டச்சுப் பலகையும் ஒரே உடலாய் அமைந்த பெரியதோர் இயந்திரம் தோன்றியது. "இது எங்கள் பிள்ளை" என்றார் அவர். அதன் பெயர் 'பொலி-1'. இந்நாட்டிலேயே, நியூசிலாந்திலேயே, உருவான கணினி அது.

அதன் வரலாறு அறியத்தக்கது. 1980 ஆம் ஆண்டளவில், வெலிங்டன் பலதொழில்நுட்பக் கல்லூரியில் மின்னணுவியல் கற்பித்த நீல் ஸ்கொட், போல் பிரையன்ட் என்னும் இரு ஆசிரியர்கள், மாணவர்களுக்கு ஏற்ற கணினியைச் சந்தையில் தேடினர். மனத்துக்கிசைந்த ஒன்று கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டால் என்ன, நாமே செய்வோம் என்று துணிந்தனர். அவர்கள் வகுத்த திட்டத்தை அந்நாள் கல்வி அமைச்சர் மேர்வ் வெலிங்டன் ஆதரித்தார். லோவர் ஹட் நகரில் இயங்கிய புரோஜெனி என்னும் கணினி நிறுவனமும், அரசுக்குச் சொந்தமான அபிவிருத்தி நிதிக் கூட்டுத்தாபனமும் இணைந்து, இதற்கெனவே 'பொலிகோப்' என்னும் கூட்டு நிறுவனத்தைத் தொடங்கின. ஓராண்டுக்குள் கணினி உருவாகிவிட்டது.

உள்ளே மோட்டரோலா 6809 என்னும் சில்லு. நினைவகம் 64 கிலோபைட்டு. இன்று உங்கள் கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரேயொரு ஒளிப்படத்தைக்கூட அதனுள் அடக்க இயலாது. எனினும் அதன் சிறப்பு நினைவகத்தில் இல்லை. வகுப்பறையை அறிந்த ஆசிரியர்கள் எண்ணிச் செய்த பொருள் என்பதே அதன் சிறப்பு. பிள்ளைகள் தட்டினாலும் தாங்கும் உறுதியான கண்ணாடி இழை உடல், வண்ணத் திரை, முப்பத்திரண்டு கணினிகள் வரை ஒன்றோடொன்று இணைந்து, ஒரே வட்டியக்கியையும் ஒரே அச்சுப்பொறியையும் பகிர்ந்துகொள்ளும் வசதி. ஒவ்வொரு மேசைக்கும் தனித்தனியே விலையுயர்ந்த வட்டியக்கி வாங்க இயலாத பாடசாலையை மனத்திற் கொண்டே இவ்வாறு அமைத்தனர். பகிர்ந்துண்ணும் பந்தியைப் போன்ற அமைப்பு என்று நாம் மாணவருக்கு விளக்கினோம்.

அதன் பெயரைக் கேட்டவுடன் எமக்குச் சிறு மகிழ்ச்சி பிறந்தது. சூடடித்துத் தூற்றிக் களத்தில் குவித்த நெல்லுக்கும் எமது ஊரில் 'பொலி' என்றுதான் பெயர். மரக்காலில் அளக்கும்போது "பொலி, பொலி" என்று வாய்விட்டுக் கூறுவர். பெருகுக என்பது அதன் பொருள். இதனை அந்த முதியவருக்குக் கூறியபொழுது அவர் சிரித்துவிட்டு, "பெருகவில்லையே!" என்றார்.

ஆம், பெருகவில்லை. ஐந்தாண்டுகளில் ஆயிரம் பொலிக் கணினிகளை வாங்குவதென அரசு முன்வந்திருந்தது. அந்த வாக்கை நம்பியே கூட்டு நிறுவனம் உழைத்தது. பின்னர் அரசு மனம் மாறி, வாங்குவதைக் கைவிட்டது. அதேவேளை அமெரிக்காவின் அப்பிள் நிறுவனம் பாடசாலைகளுக்குப் பெரும் விலைக்கழிவுடன் தனது கணினிகளை வழங்கியது. மலிவாய்க் கிடைத்ததைப் பாடசாலைகள் வாங்கின. அவற்றைக் குறைகூற இயலாது. அவற்றின் கையில் இருந்த பணம் அவ்வளவே. பொலியைச் சில பாடசாலைகள் வாங்கின. அவுஸ்திரேலியப் படைத்துறையும் பயிற்சிக்காக வாங்கியது. ஆயினும் பிறந்த வீட்டார் கைவிட்ட பிள்ளை நெடுநாள் நிலைக்கவில்லை. அந்த அபிவிருத்தி நிதிக் கூட்டுத்தாபனமும் 1989 இல் வீழ்ந்தது. இன்று பொலியைக் காணவேண்டுமாயின் இத்தகைய ஆர்வலர்களின் கொட்டகைகளையே நாடவேண்டும்.

இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொலி திறன் குறைந்ததால் அழியவில்லை. தனக்கென உள்ளோர் தன்னைத் தாங்காமையால் அழிந்தது. இக்கூற்றை நாம் பின்னர் மீண்டும் எடுத்துக்கொள்வோம்.

இனி, எமது நெகிழ்வட்டுக்கு வருவோம். முதியவர் வேறொரு பழைய கணினியில் அதனைச் செருகினார். அது சில கணம் முனகியது. பின்னர் கோப்புகளின் பெயர்கள் திரையில் வரிசையாய்த் தோன்றின. எமக்கு உவகை மேலிட்டது. ஆனால் கோப்பைத் திறந்தபொழுது ஒரு தமிழ் எழுத்தும் இல்லை! ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் ஒழுங்கின்றிச் சிதறிக் கிடந்தன. வட்டுப் பழுதாகிவிட்டது என்று மாணவரின் தந்தையார் வருந்தினார். உற்று நோக்கிய நாம், ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் மீண்டும் மீண்டும் சேர்ந்து வருவதைக் கண்டோம். அது 'தமிழ்' என்னும் சொல். வட்டுப் பழுதாகவில்லை; அது பாமினி எழுத்துருவில் தட்டெழுதப்பட்டது.

இதனை மாணவர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். கணினி எழுத்தை எழுத்தாக அறியாது, எண்ணாகவே அறியும். ஆங்கிலத்துக்கென 1963 இல் அமெரிக்காவில் வகுத்த 'ஆஸ்கி' முறையில் 128 இடங்கள் உள்ளன. அதில் ஆங்கிலத்தின் முதற் பெரிய எழுத்துக்கு எண் 65. ஒரு பைட்டில் மொத்தம் 256 எண்களே அடங்கும். முதற் பாதியை ஆங்கிலம் எடுத்துக்கொள்ள, எஞ்சியவை 128. எமக்கோ எழுத்துகள் 247! ஆகவே கணினித் தமிழின் முன்னோடிகள் கொம்பையும் காலையும் விசிறியையும் தனித்தனியே பிரித்து, அகரமேறிய மெய்யோடு ஒட்டவைத்து, சிக்கனமாய் இடம் பிடித்தனர். 1980களிலேயே கனடாவில் வாழ்ந்த கலாநிதி க. சீனிவாசன் 'ஆதமி' என்னும் தமிழ்ச் சொற்செயலியை உருவாக்கினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு' செயலியைத் தொடங்கினார். பெரிய நிறுவனங்கள் தமிழைத் திரும்பியும் பாராத காலத்தில், இவர்கள் வீட்டு மேசைகளில் அமர்ந்து ஆற்றிய பணி அது.

பாமினி முதலிய எழுத்துருக்கள் வேறு வழியை மேற்கொண்டன. ஆங்கில எழுத்துகளின் ஆசனங்களிலேயே தமிழ் எழுத்துகளை அமரச் செய்தன. எழுத்துரு உள்ள கணினியில் அது தமிழாய்த் தெரியும். இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் குப்பையாய்த் தெரியும். ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒவ்வோர் ஒழுங்கு. ஒருவர் அனுப்பிய மடலை மற்றவர் வாசிக்க இயலாது தவித்த காலம் உண்டு. பிற்காலத்தில் ஒருங்குறி என்னும் யுனிகோட் பரவியதனாலேயே அத்துன்பம் தணிந்தது. 1991 இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்குத் தனி இடம் ஒதுக்கப்பட்டது. எமது அகரத்துக்கு அதில் எண் 2949. இன்று உலகின் எந்த மூலையிலும் அந்த எண் அகரத்தை மட்டுமே குறிக்கும். வேறு மொழியின் ஆசனத்தில் அது ஒண்டியிருக்கவில்லை.

அன்றிரவே பாமினிக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றினோம். அதற்கான மாற்றிகள் இன்று எளிதிற் கிடைக்கின்றன. இருபத்துநான்கு மாணவர்களின் ஆக்கங்கள் உயிர்பெற்றன. அவற்றுள் ஒன்று, பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி தன் அம்மம்மாவைப் பற்றி எழுதியது. அச்சிறுமி இன்று எமது வகுப்பு மாணவன் ஒருவனின் தாயார். அம்மம்மா இப்போது உயிருடன் இல்லை. கட்டுரையைத் தாளில் அச்சிட்டு, அடுத்த சனிக்கிழமை அந்தத் தாயாரின் கையிற் கொடுத்தோம்.

அவர் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னர் மெல்லிய குரலில், "சேர், நான் எழுதினதை எனக்கே வாசிக்க முடியேல்லை" என்றார். பன்னிரண்டு வயதில் நீச்சலுக்கும் கணித மேலதிக வகுப்புக்குமாகத் தமிழ்ப் பாடசாலையை விட்டவர் அவர். பேசுவார்; எழுத்துக் கூட்டுவார்; அதற்குமேல் இயலவில்லை. அப்போது அருகில் நின்ற அவரது ஒன்பது வயது மகன் தாளை வாங்கித் தடுமாறித் தடுமாறி வாசித்தான். அம்மம்மா சுட்ட பலகாரத்தின் மணமும், அவர் பாடிய தாலாட்டும், ஊர்க் கிணற்றடியும் அவ்வரிகளில் இருந்தன. தாயார் கண்ணீர் வடித்தார். இதனை அவரது இசைவு பெற்றே இங்கு எழுதுகின்றோம். பிற பெற்றோர் அறியட்டும் என்று கூறியவரும் அவரே.

அன்றுதான் எமக்கு ஓர் உண்மை தெளிவாயிற்று. எழுத்துரு இல்லாத கணினியும் தமிழ் கல்லாத பிள்ளையும் ஒரே நிலையினரே. வட்டில் தமிழ் முழுமையாய் இருந்தது. ஓர் எழுத்தும் தேயவில்லை. வாசிக்கும் பக்கத்தில்தான் குறை. பாட்டனார் எழுதிய கடிதமும், பேரனார் பாடிய பாட்டும், ஊரிலிருந்து வரும் திருமண அழைப்பும் அவ்வாறே பழுதின்றி இருக்கின்றன. எமது பிள்ளையின் உள்ளத்தில் அவற்றை உருவாக்கும் எழுத்துரு இல்லையேல், அவை வெறும் கோடுகளாகவே தெரியும்.

"இப்போது கைத்தொலைபேசியே மொழிபெயர்த்துக் கொடுக்கிறதே, பிள்ளையை ஏன் சனிக்கிழமைகளில் வருத்த வேண்டும்?" என்று சில பெற்றோர் வினவுகின்றனர். அது நியாயமான வினாவே; கோபப்பட வேண்டியதில்லை. கடிதத்தின் செய்தியை இயந்திரம் சொல்லிவிடும் என்பதை நாமும் ஒப்புக்கொள்கின்றோம். அவசரத்துக்கு அது பெருந்துணை. ஆனால் அம்மம்மா 'குஞ்சு' என்று அழைத்ததைப் பறவைக் குஞ்சு என்று அது பெயர்த்துவிட்டால், பிள்ளைக்கு யார் திருத்தம் சொல்வது? திருத்துவதற்கேனும் தமிழ் அறிந்த ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும் அல்லவா? அந்த ஒருவர் இன்று நீங்கள், நாளை யார்?

பொலியின் கதைக்கு மீள்வோம். அந்த லோவர் ஹட் பகுதியிலேயே, பொலி தள்ளாடிக்கொண்டிருந்த அதே காலத்தில், இன்னொன்று பிறந்தது. 1982 இல் வைனுயியோமாத்தாவில் முதலாவது 'கோகங்கா ரேயோ' திறக்கப்பட்டது. மாவோரி மொழி அருகிவந்ததைக் கண்ட பெரியோர், பாட்டிமாரையும் தாத்தாமாரையும் சிறு குழந்தைகளோடு ஓரிடத்தில் அமர்த்தி, மாவோரியிலேயே பேசிப் பழகவைத்த பாலர் கூடம் அது. மாவோரி விவகாரத் திணைக்களத்தின் துணை அதற்கு உண்டு. ஆயினும் அதனைத் தாங்கியவர்கள் குடும்பத்தினரே. சில ஆண்டுகளுக்குள் நாடெங்கும் நூற்றுக்கணக்கான கூடங்கள் எழுந்தன. 1987 இல் மாவோரி இந்நாட்டின் அரச மொழியாயிற்று. ஒரே பகுதியில் ஏறத்தாழ ஒரே நேரத்தில் பிறந்தவை இரண்டு. ஒன்று பெரியதொரு வாங்குநரின் கையொப்பத்தை நம்பியது. மற்றது மடியில் குழந்தையை வைத்திருந்தவர்களை நம்பியது. முன்னது கொட்டகையில் துணியால் மூடப்பட்டிருக்கிறது. பின்னது இன்றும் பேசுகிறது.

எமது தமிழ்ப் பாடசாலை இவ்விரண்டில் எதைப் போல் ஆகப்போகிறது என்பதே எமது கவலை. பதிவு நாளில் பெயர்கள் நிறைகின்றன. மூன்றாம் தவணையில் கதிரைகள் வெறுமையாகின்றன. ஆண்டு விழாவுக்கு மட்டும் மண்டபம் மீண்டும் நிறைகிறது. ஆயிரம் வாங்குவோம் என்று கூறிப் பின்வாங்கிய அரசைக் கண்டிப்பது எளிது. முப்பது சனிக்கிழமைகள் அனுப்புவோம் என்று கூறிப் பத்தோடு நிறுத்தியவர்களும் அதே செயலையே செய்கின்றோம்.

காத்தல் பற்றியும் ஒரு சொல். 1981 ஆம் ஆண்டு, பொலி உருவாகிக்கொண்டிருந்த அதே காலத்தில், மே 31 இரவு மூட்டிய தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. அப்போது நாம் நடைபழகும் குழந்தை. நாம் அறிந்த யாழ்ப்பாணம் மின்சாரமற்ற யாழ்ப்பாணம். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறை எமது தலைமுறை. பின்னாளில் வன்னியில் ஆசிரியராய்ப் பணியாற்றிய பாடசாலையின் வரவுப் பதிவேடுகளும் சம்பவத் திரட்டுப் புத்தகமும் எங்கே போயின என்பதை இன்றும் அறியோம். அவற்றில் எமது மாணவர்களின் பெயர்கள் இருந்தன. ஆகையால் பிஸ்கட் பேணிக்குள் ஒரு வட்டைக் கண்டபொழுது எமது கை நடுங்கியதில் வியப்பில்லை.

எனினும் சோர்ந்திருக்க வேண்டியதில்லை. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை மின்னூல்களாக்கி இலவசமாய் வழங்குகிறது. 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மலர்களையும் மின்வடிவில் காத்துவருகிறது. இரண்டும் தன்னார்வலர்களின் உழைப்பில் வளர்ந்தவை. அரசர்களின் கொடையை நம்பிய காலம் போய், ஆர்வலர்களின் மாலை நேரங்களை நம்பும் காலம் வந்திருக்கிறது.

ஆதலால் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கின்றோம். முதலாவது, பழைய மலர்களும் நெகிழ்வட்டுகளும் ஒளிப்படங்களும் உங்கள் வீட்டில் இருப்பின், குப்பையில் இடுமுன் எம்மிடம் தாருங்கள்; படியெடுத்துத் திருப்பித் தருவோம். இரண்டாவது, இம்மலர் முதற்கொண்டு எமது மாணவரின் ஆக்கங்கள் யாவும் ஒருங்குறியில் தட்டெழுதப்பட்டு, குறைந்தது மூன்று இடங்களில் வைக்கப்படட்டும், தாளிலும் அச்சிடப்படட்டும். தாளை வாசிக்க இயந்திரம் வேண்டியதில்லை. மூன்றாவது வேண்டுகோளே முதன்மையானது. பதிவு செய்த பிள்ளையை ஆண்டு முடியும்வரை அனுப்புங்கள். வீட்டில் நாளொன்றுக்குப் பத்து நிமிடமேனும் அவர்களைத் தமிழில் உரத்து வாசிக்கச் செய்து, நீங்களும் அருகிருந்து கேளுங்கள்.

நாம் விடைபெற்றபோது அந்த முதியவரிடம், இத்தனை இயந்திரங்களையும் பழுதின்றி வைத்திருப்பது எவ்வாறு என்று வினவினோம். மாதம் ஒருமுறையேனும் ஒவ்வொன்றையும் இயக்கிப் பார்ப்பதாகவும், மூடியே வைத்தால் உள்ளிருக்கும் உறுப்புகள் தாமே கெட்டுவிடும் என்றும் அவர் கூறினார்.

அந்தத் தாயார் இப்போது சனிக்கிழமைகளில் மகனை இறக்கிவிட்டுத் திரும்பிச் செல்வதில்லை. பின்வரிசையில் அமர்ந்து தாமும் வாசிக்கப் பழகுகின்றார். அவ்வரிசையில் இன்னும் கதிரைகள் உள்ளன. வாருங்கள், தமிழ் பொலிக!